வானத்தைச் சாத்தினால் சுற்றிப் போவேன்

ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பெல்லாம் ஒன்பது மணி நேரம்தான். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் இறங்கிவிடலாம். போர் தொடங்கி ரஷ்யர்கள் வானத்தைச் சாத்திக்கொண்ட பிறகு, விமானம் வட துருவத்தைச் சுற்றிப் போகிறது. பதின்மூன்று மணி நேரம். எவனோ போட்ட சண்டைக்கு என் முழங்கால் அபராதம் கட்ட வேண்டுமாம்.

டோக்கியோவில் இருக்கும் என் மகள் கைசாவுக்கு அடுத்த வாரம் இதயத்தில் அறுவை சிகிச்சை. வர வேண்டாம் என்று அவளே போனில் சொன்னாள். வாய் அப்படிச் சொன்னது, குரல் வா என்றது. நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

என் மகன் ரிஸ்தோ விடவில்லை. எழுபத்தோரு வயதில் இந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார முடியாது, நடுவழியில் ஏதாவது ஆனால் கீழே பனியைத் தவிர ஒன்றுமில்லை என்று சமையலறையில் நின்று பிரசங்கம் செய்தான். அவ்வப்போது எழுந்து நடந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு விடிஞ்சதும் மீன் பிடிக்கப் போறேன். நீயும் வா. யாரு முதல்ல வீட்டுக்குப் போலாம்னு சொல்றாங்களோ, அவங்க அடுத்தவங்க பேச்சைக் கேக்கணும். சரியா?"

சரி என்றான். முப்பது வருடம் டிராம் ஓட்டியவளிடம் உட்காருவதில் பந்தயம் கட்டுகிறான், முட்டாள்.

உறைந்த கடலில் ஆளுக்கொரு துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். பேசவில்லை. மீன் ஓடிவிடும் என்பது சாக்கு, எங்கள் வீட்டில் கோபத்தை இப்படித்தான் காட்டுவோம். நான் அவ்வப்போது எழுந்து துளையைச் சுற்றி நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வலிக்கத்தான் செய்தது. வலித்தால் என்ன? மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. பிளாஸ்க்கில் காபியும் தீர்ந்தது.

"போலாம்மா," என்றான் ரிஸ்தோ.

கேலி செய்யலாம் என்று திரும்பினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அவ செத்துட்டா என்னம்மா பண்றது? அப்பா சாவுல சண்டை போட்டதுக்கப்புறம் எட்டு வருஷமா நான் அவகூட பேசலையே. நீயும் போயிட்டா நான் மட்டும் இங்க உக்காந்து..."

என் முழங்கால் வெறும் சாக்கு என்பது எனக்கு முதல் நாளே தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? தூண்டிலைச் சுருட்டி வாளிக்குள் போட்டேன்.

"தோத்துட்டேல்ல, இப்ப நான் சொல்றதைக் கேளு. ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். அவகிட்ட என்ன பேசணும்னு வழியில யோசிச்சுக்கோ. உனக்கு ஒன்பது மணி நேரமெல்லாம் பத்தாதுடா."