ஒளிப்பதிவில் ஐந்தாவது படம்

ஞானசௌந்தரிக்கு இந்த ஆண்டு பதினைந்துக்குப் பன்னிரண்டு வேண்டும்.

மோகன்ராஜ் அப்படித்தான் சொல்லியிருந்தான். குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையிலிருந்து சினிமா இணையதளம் நடத்துகிறவன். திரை விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் முன்பே, எழுத்து, இசை, ஒளிப்பதிவு என்ற மூன்று பிரிவுக்கும் தலா ஐந்து படங்களை ஊகித்து அவள் அவனுக்கு எழுதுவாள். ஏழு வருடமாக எழுதுகிறாள். இடப்பக்கம் ‘வரும்’. வலப்பக்கம் ‘வரவேண்டும்’. கீழே விமர்சனம். இரண்டு பக்கத்திலும் ஒரே படம் இடம்பெறுவது அபூர்வம்.

போன வருடம் பத்துதான் பலித்தது. எழுத்தையும் இசையையும் யார் படிக்கிறார்கள், ஹீரோ ஹீரோயின் போடலாம் என்று அவன் நச்சரித்தான். இந்த முறை பன்னிரண்டு பலிக்காவிட்டால் பகுதியையே நிறுத்திவிடுவேன் என்றான். கல்லூரியில் இலக்கியம் நடத்தும் அவளுக்கு, பரீட்சைத் தாளின் ஓரத்தைத் தவிர, கருத்து எழுத வேறு இடம் இல்லை.

ஊகிப்பது கஷ்டமில்லை. எரிச்சல், அவ்வளவுதான். கோர்ட்டில் நின்று நான்கு நிமிடம் மூச்சு விடாமல் பேசினால் எழுத்து. பாட்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் இசை. மலையும் பனியும் இருந்தால் ஒளிப்பதிவு. நடுவர் குழுவின் கண்ணும் காதும் இவ்வளவுதான் என்பது அவள் தீர்மானம். இடப்பக்கத்தை அரை மணியில் நிரப்பிவிடுவாள்.

வலப்பக்கத்துக்குத்தான் உழைப்பு. ஒளிப்பதிவுக்கென்று ஒவ்வொரு படத்தையும் இரண்டாம் முறை சத்தமில்லாமல் பார்ப்பாள். இசை கண்ணை ஏமாற்றும் என்பாள். தியேட்டரானால் காதில் பஞ்சு. வீடானால் மியூட்.

‘மடைவாய்’ நாலே நாளில் தியேட்டரை விட்டு ஓடிய படம். அதைச் சிட்லபாக்கத்தில், வீட்டு ஹாலில்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுதினாள்: ‘நாற்று பிளாஸ்டிக் போல் பளபளக்கிறது. விடியற்காலை நண்பகலாக எரிகிறது. கேமராமேன் வயல் பக்கம் போனதே இல்லை போலும்.’ வியாழக்கிழமை கட்டுரை வெளியானது.

சனிக்கிழமை, விடைத்தாள் கட்டை வாங்க, உடன் வேலை செய்யும் தீபாவின் சேலையூர் வீட்டுக்குப் போனாள். ஹாலில் ‘மடைவாய்’ ஓடிக்கொண்டிருந்தது. அதே வயல், அதே விடியற்காலை. ஆனால் சாம்பல் வெளிச்சம். நாற்றின் பச்சை இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தது. ஞானசௌந்தரி கட்டை மடியில் வைத்துக்கொண்டு, காபி ஆறும்வரை பார்த்தாள்.

“உங்க டிவியில கலர் போயிடுச்சா?”

“எங்க டிவிக்கு ஒண்ணும் இல்லையே மேடம். உங்களுது என்ன மோடுல இருக்கு?”

வீட்டுக்கு வந்து ரிமோட்டை எடுத்துப் பார்த்தாள். ஸ்போர்ட்ஸ் மோடு. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றிக் காட்டுவது. கணவன் அரிகிருஷ்ணன் சோபாவில் படுத்திருந்தான்.

“மேட்ச் ஆரம்பிச்சப்போ மாத்தினேன்” என்றான். “பந்து கண்ணுக்குத் தெரிய வேணாமா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீதான் சத்தத்த அணைச்சிட்டு தவம் மாதிரி பாத்துகினு இருந்தியே. நடுவுல நான் எப்படிப் பேசறது?”

அவனிடம் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. மோகன்ராஜைக் கூப்பிட்டாள். சத்தமில்லாமல் அந்த மூன்று வரியைத் தூக்கிவிடலாம் என்றான் அவன். கூடாது, நடந்ததைச் சொல்லி என் பெயரில் திருத்தம் போட வேண்டும் என்றாள்.

“டிவிய கிரிக்கெட்டுக்கு வச்சிகினு கேமராமேனைத் திட்டினேன்னு எழுதினா, அப்புறம் உங்க லிஸ்டை எவன் மேடம் நம்புவான்?”

நம்பாவிட்டால் போகட்டும் என்றாள். அப்படியானால் இரண்டு பக்கத்திலும் ‘மடைவாய்’ போட்டுவிடுங்கள், பட்டியல் வர இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அவங்க இதை எடுக்க மாட்டாங்க மோகன். அவங்களுக்குப் பனி வேணும்.”

வலப்பக்கத்தில் மட்டும் சேர்த்தாள். இடப்பக்கத்தில் ஐந்தாவதாக இருந்த மலைப் படத்தைத் தொடவில்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் இரண்டு நாள் அவளை ஓட்டினார்கள். உங்கள் வீட்டில் ஸ்கோர் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் பட்டியல் வந்தது. தாம்பரத்தில், கல்லூரி ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று போனில் பார்த்தாள். எழுத்தில் நான்கு சரி. இசையில் நான்கு. பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு. ஒளிப்பதிவில் முதல் மூன்றும் அவள் சொன்னவை. நான்காவது அவள் யோசித்தே பார்க்காத படம். ஐந்தாவது ‘மடைவாய்’.

மலைப் படம் இல்லை.

பதினொன்று. அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஏழு வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள், இந்த வருடம் பார்த்துத்தானா திறக்க வேண்டும்?

மோகன்ராஜ் அடுத்த நிமிடமே கூப்பிட்டான். அன்றைக்கே போடச் சொன்னதை நினைவுபடுத்தினான். ஒன்றுதானே குறைகிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, இருந்தும் கேட்டாள்.

“ஒரு மார்க்ல ஃபெயிலாகி வந்து நின்னா, நீங்க போட்டுத் தருவீங்களா மேடம்?”

தரமாட்டாள். மேசையிலிருந்த விடைத்தாள் கட்டிலேயே அப்படி மூன்று பேர் இருந்தார்கள்.

வந்த பட்டியலுக்குக் கடைசியாக ஒரு விமர்சனம் மட்டும் ஆறு மணிக்குள் அனுப்பச் சொன்னான். அடுத்த வருடம் ஹீரோ ஹீரோயின், வேறு ஆள். சரி என்று போனை வைத்தாள்.

ஒளிப்பதிவை முதலில் எடுத்தாள். நான்கு படங்களை நான்கு வரியில் முடித்தாள். ஐந்தாவதுக்கு அரை மணி ஆயிற்று. ‘குழு சரியாகப் பார்த்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.’ இரண்டாவது வாக்கியத்தை அழித்தாள். மறுபடி எழுதினாள்.

பிறகு இசைக்கு வந்தாள். கல்யாண மண்டபப் பாட்டு முதலிடத்தில் இருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்ல நிறைய இருந்தது.