கயல்விழியின் ஆயில் கூலரும் ஆறிக்கிடந்த சூளையும்

2004ஆம் ஆண்டு வைகாசி தொடங்கி, கயல்விழி எங்கே கார் ஓட்டினாலும் விருத்தாசலத்தில் அவள் வீட்டுச் சூளை தானாக எரிந்தது. விறகில்லை, எண்ணெயில்லை, கேஸும் இல்லை. அவள் சேத்தியாத்தோப்பு வரை போய்வந்தால் ஒரு தட்டு அகல்விளக்கு வெந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் ஓட்டினால் சூளை நிறையப் பீங்கான் வெந்தது. ஊரின் செராமிக் தொழிற்பேட்டையில் இதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆரம்பத்தில் பேசினார்கள், அதுவும் மிளகாய் நாசமானதால்தான்.

கயல்விழி சேத்தியாத்தோப்பு லாரி டிரைவர் கோவிந்தசாமியின் மகள். அப்பாவின் லாரியிலேயே வளர்ந்தவள், ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியும் முன்பே கியர் மாற்றக் கற்றிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட அர்ச்சுனன் பேட்டையில் சொந்தச் சூளை வைத்துப் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் கொலுப் பொம்மையும் சுட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, சென்னையிலிருந்து வந்த ஒரு சினிமா விநியோகஸ்தர் விருத்தாசலத்தை அடுத்த மங்களூர்ப் பக்கம் சோளக்கொல்லையில் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கவிழ்த்தார். கீறல் இல்லாமல் எழுந்தவர், வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனார். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, அந்தச் சனியனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். கயல்விழி டிராக்டரில் கட்டி இழுத்துவந்து சூளைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஜங்ஷன் ரோடு மெக்கானிக் சுப்புராயனும் அவளும் சேர்ந்து அதை ஓடவைக்க மூன்று வருடம் ஆயிற்று. அதே மூன்று வருடத்தில் சூளை படுத்துவிட்டது. எரியெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, ஊரெங்கும் பிளாஸ்டிக் ஃபியூஸ் கேரியர் வந்தது. அர்ச்சுனன் ஒருநாள் சூளையைப் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தினான். வேலையாட்களில் தங்கம்மாள் மட்டும், வேறெங்கும் போகப் பிடிக்காமல், தினமும் வந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். சும்மா கிடக்கிற இடம்தானே என்று தன் வீட்டு மிளகாய் மூட்டைகளை அவள் சூளைக்குள் அடுக்கியிருந்தாள்.

கார் ஓடியதும் கயல்விழி ரேஸுக்குப் பெயர் கொடுத்தாள். முதல் தடவை பாதி ரேஸில் இஞ்சின் ஆயில் கொதித்துத் தண்ணீராக இளகி, வண்டி புகை கக்கி நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், “விருத்தாசலத்துப் பீங்கான் மறுபடியும் உடைஞ்சிடுச்சு!” என்றார். கூட்டம் சிரித்தது. கயல்விழி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பு அர்ச்சுனன் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. அவளைப் பார்த்துச் சிரித்தது ஒரு பக்கம், பீங்கானைக் கேலி செய்தது ஒரு பக்கம். இரண்டும் அவன் வீட்டுச் சொத்து.

இன்னொரு முறை ஆயில் கொதித்தால் இஞ்சினை எடைக்குத்தான் போடவேண்டும் என்று சுப்புராயன் சொன்னான். வழி ஒன்றுதான், ஆயில் கூலர். இஞ்சினில் கொதிக்கும் எண்ணெயை ஹோஸ் வழியாக வண்டியின் முகப்புக்குக் கொண்டுபோய், சின்ன ரேடியேட்டர் போன்ற ஒன்றுக்குள் ஓடவிட்டு, எதிர்க்காற்றில் ஆறவைத்துத் திருப்பியனுப்புகிற சாமான் அது. அந்தக் காருக்கென்று செய்த கூலர் எங்கும் கிடைக்கவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் அலைந்து வேறேதோ வண்டிக்கான ஒன்றை வாங்கிவந்தார்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அந்த இடத்தில் வட்டமான ஒரு அடாப்டரை வைத்து, அதன் மேல் ஃபில்டரைத் திருகி, இரண்டு ஹோஸையும் மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்த மறுநொடி அடாப்டர் இடுக்கிலிருந்து எண்ணெய் சீறி சுப்புராயன் முகத்தில் அடித்தது. இறுக்க இறுக்க இன்னும் சீறியது. மறுநாள் கயல்விழி வண்டிக்கடியில் படுத்து விரலால் தடவிப் பார்த்தாள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் கழறாமல் இஞ்சினோடு ஒட்டியிருந்தது, புது வளையம் அதன் மேல் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் ஒழுக்கு நின்றது.

சூடு நிற்கவில்லை. சேத்தியாத்தோப்பு ரோட்டில் வேகம் பிடித்ததும் சூடு காட்டும் மீட்டரின் முள் பழையபடி ஏறியது. ஹோஸ் மடிந்திருக்கிறதோ என்று மாற்றினார்கள், காற்று அடைத்திருக்குமோ என்று எண்ணெயை வடித்து மறுபடி ஊற்றினார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் அர்ச்சுனன் வண்டி முன்னால் குந்தி உட்கார்ந்து கூலரின் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தான்.

“காத்து உள்ள வருது, சரி. வெளிய போவ வழி எங்க இருக்குது? பின்னாடி தகரம் அடைச்சிக்கிட்டு இல்ல நிக்குது?” என்றான்.

“அட, ஆமாங்க!” என்றாள் கயல்விழி. அன்றைக்கே சுப்புராயன் சக்கரத்துக்கு முன்னாலிருந்த தகரத்தை வெட்டிக் காற்றுக்கு வாசல் திறந்தான்.

அடுத்த ஓட்டத்தில் முள் அசையவேயில்லை. ஆனால் வண்டியை நிறுத்திக் கூலரைத் தொட்டுப் பார்த்த சுப்புராயன் கையை எடுக்க மறந்து நின்றான். “உள்ள போற எண்ணெ கொதிக்குதுண்ணே, வெளிய வர்றது ஆறிக் கெடக்குது. கூலரு பானத்தண்ணியாட்டம் ஜில்லுனு இருக்குது. அப்ப சூடு எங்கதான் போவுது?” அதற்குப் பதில் பேட்டையில் காத்திருந்தது. தெருவே இருமிக்கொண்டிருந்தது. தங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடு ரோட்டில் நின்று, “சூளையக் கொளுத்துனவன் எவன்டா? என் மொளகா பூரா கருவிப்போச்சே!” என்று கத்தினாள். அர்ச்சுனன் சூளைச் சுவரில் கை வைத்தான். சுட்டது. கயல்விழியை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான், சூடு ஏறியது. நிறுத்தச் சொன்னான், இறங்கியது. இன்னொரு தடவை பார்த்தார்கள், அப்படியேதான். இஞ்சினை விட்டுப் போகிற சூடு எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்றான் சுப்புராயன். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. தங்கம்மாள் கருகிய மிளகாயை அள்ளிக் கொட்டிவிட்டு, சூளைக்குள் தட்டுகளைத் துடைத்து வைத்தாள்.

நவராத்திரிக்குச் சில வாரம் முன்பு ரேஸ் வந்தது. சேதி தெரிந்து, பேட்டையில் சூளை ஆறிப்போன வீட்டுக்காரர்கள் எல்லாம் சுடாத பச்சைப் பொம்மைகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள். அர்ச்சுனன் தயங்கினான். அவள் பாதியில் நின்றால் சரக்கு அத்தனையும் அரைவேக்காடு. கயல்விழி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, “அடுக்குங்க. நான் நிக்கமாட்டேன்,” என்றாள். அவன் அடுக்கினான். அவளோடு சுப்புராயன் போனான், அர்ச்சுனன் சூளையோடு இருந்தான்.

அன்று மத்தியானம் பேட்டையே சூளைக்கு முன்னால் கூடியது. கதவிலிருந்த சின்ன ஓட்டை வழியாக, ஆள் மாற்றி ஆள், ரேஸ் பார்த்தார்கள். உள்ளே முதலில் மங்கலான சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். வளைவில் அவள் பிரேக் போட்டபோது வெளிச்சம் தணிந்தது, நேர்ப்பாதையில் வெளுத்துப் பாய்ந்தது. யாரையாவது முந்தியிருக்கவேண்டும், சிலசமயம் பளிச்சென்று ஒரு குதி குதித்தது. அப்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிவிட்டாள் என்று அர்ச்சுனன் கணக்கிட்டபோது செல்போன் அடித்தது.

“அண்ணே, பொக வருதுண்ணே,” என்றான் சுப்புராயன். “போன தடவ மாதிரியே. அண்ணி ரெண்டாவதா ஓடிக்கிட்டிருக்காங்க. இன்னும் கொஞ்சந்தான். ஆனா தாங்காதுண்ணே.”

அர்ச்சுனன் அண்ணாந்து பார்த்தான். சரக்கு நன்றாக வேகட்டும் என்று புகைபோக்கியின் இரும்புக் கதவை அவன்தான் சாத்தியிருந்தான். சூளை முட்ட நிறைந்திருந்தது. இனி வருகிற சூட்டுக்கு அதில் இடமில்லை. கதவைத் திறந்தால் அவள் இஞ்சின் பிழைக்கும், ஆனால் குளிர்காற்று உள்ளே பாய்ந்து பொம்மைகள் வெடிக்கும். அவை அவனுடைய பொம்மைகள் மட்டுமல்ல. கதவை இழுத்துத் திறக்கும் சங்கிலியைப் பிடித்தபடி அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். சுப்புராயன் சொன்னதை அப்படியே சொன்னான்.

தங்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “பொம்ம வெடிச்சா வேற பண்ணிக்கலாம் தம்பி. அவ அங்க நின்னுடக் கூடாது. இழு!”

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். புகைபோக்கியிலிருந்து தீ பனைமர உயரத்துக்கு எழுந்தது. பழமலைநாதர் கோயில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஊரை ஒரு சுற்றுச் சுற்றின. நாலு தெருவுக்கு அப்பால் கொடியில் கிடந்த ஈரத்துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்தது. சூளைக்குள் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தமும் யாரோ ஒருவருடைய பொம்மை. சூடான சங்கிலியை அர்ச்சுனன் விடவேயில்லை, உள்ளங்கை கொப்பளித்ததை அவன் பிறகுதான் பார்த்தான்.

மறுபடி போன் அடித்தது. “பொக நின்னுடுச்சுண்ணே!” என்று சுப்புராயன் அலறினான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் காதில் விழவில்லை, அங்கே மைதானத்தில் அவ்வளவு சத்தம். ஓட்டைக்குள் கண்ணை வைத்திருந்த அர்ச்சுனன், வெளிச்சம் கடைசியாக ஒருமுறை வெள்ளை வெளேரென்று எரிந்து, மெல்ல, தன் இஷ்டத்துக்குத் தணிவதைப் பார்த்தான். அவள் ரேஸை முடித்துவிட்டாள் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. இரண்டாவதாக வந்திருந்தாள்.

மறுநாள் விருத்தாசலம் பாலக்கரையில் மாலையோடு நின்ற கூட்டத்தைக் கடந்து கார் பேட்டைக்கு வந்தபோது, கயல்விழி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “வெந்துச்சாங்க?” என்பது. அர்ச்சுனன் கட்டுப்போட்ட கையோடு அவளைச் சூளைக்குள் கூட்டிப்போனான். பெரும்பாலானவை நன்றாக வெந்து மினுங்கின, மற்றவை விரிசல் கண்டிருந்தன. விரிசல் விட்டதை யாரும் தூக்கிப் போடவில்லை. அந்த வருடக் கொலுவில் பல வீடுகளில் அவைதான் மேல்படியில் இருந்தன. இது கயலு ரேஸ்ல வெடிச்சது என்று வந்தவர்களிடம் கையில் எடுத்துக் காட்டினார்கள். வெடிக்காத பொம்மை கிடைத்தவர்கள் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

அடுத்த வருடம் அவள் முதலாவதாக வந்தாள். அதற்கடுத்த வருடம் கோயம்புத்தூரிலும் ஓட்டினாள், தூரம் கூடியதால் சூடு சற்றுத் தாமதமாக வந்துசேர்ந்தது, அவ்வளவுதான். ரேஸ் தேதிகளைப் பார்த்துப் பேட்டைக்காரர்கள் களிமண் பிசைந்தார்கள். 2007இல் சூளைகளைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், எண்ணெய்த் தொட்டியும் காணவில்லை, விறகும் காணவில்லை. உள்ளேயோ சூளை நிறைய எரிந்துகொண்டிருந்தது.

“எதுலங்க எரியுது?” என்றார்.

“எங்க வூட்டுக்காரம்மா ஓட்டுறாங்க,” என்றான் அர்ச்சுனன்.

அதிகாரி ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல வேகம்தான் என்றார். புகைபோக்கியை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் ஓட்டுகிற அம்மாவுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்து முடித்து, விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிக்க ஜங்ஷனுக்கு நடந்தார்.