சாப்பிட்டுக்கொண்டே பேசினால் அரை மணி

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவளுக்கு நாள் முழுக்கப் பேச்சுதான் வேலை. ஆனால் அது என்ன பேச்சு? இருட்டறையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கின்மேல் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் போட்டதுதான் என்பார்கள். குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது தொண்டை வறண்டிருக்கும். யாரோடும் பேசியதாக மட்டும் இருக்காது.

இதில் பெற்றோருக்கு உபதேசம் வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், செல்போனைக் குறையுங்கள், கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறும் என்று கறாராகச் சொல்வாள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் தன் மகளையே அதே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தாள். ஒரே வருஷத்தில் முழுசாக ஒரு பவர் ஏறியிருந்தது. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம் என்று கடையில் வில்லை வெட்டும் தோழி சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். தவழும் வயதிலேயே அலமாரியில் ஏறி உட்கார்ந்ததற்காக வைத்தது. பதினைந்து வயதில் அந்த வால் எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிவிடுவாள். முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து ஒரு கோட்டையை எதிரிகளிடமிருந்து காப்பாற்றுவதுதான் விளையாட்டு. தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். அப்பா கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவர். ஏதாவது துறைமுகத்துக்கு வந்தால் போன் செய்து, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்பார். பதில் சொல்வதற்குள் லைன் போய்விடும். ஆக, அந்த வீட்டில் மனிதக் குரல் என்று ஒன்று கேட்டால் அது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டது. அதுவும் "இடது பக்கம் வர்றான், சுடு, சுடு" என்கிற ரகம்.

தோழிதான் ஒரு செயலியை அம்மாவின் போனில் போட்டுக்கொடுத்தாள். மகளின் கம்ப்யூட்டர் எப்போது திறக்க வேண்டும், எப்போது பூட்ட வேண்டும் என்று அம்மா தன் போனிலிருந்தே வைத்துவிடலாம். வேலை கொடுத்து, முடித்தால் கூடுதல் நேரம் தரலாம். முதல் சில நாள் வீடு போர்க்களம்தான். கெஞ்சல், கத்தல், கதவை அறைந்து சாத்துதல் எல்லாம் நடந்தது. அம்மா பிடித்த பிடியை விடவில்லை. பாத்திரம் கழுவினால் கால் மணி, துணி மடித்தால் கால் மணி, வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி என்று வைத்தாள். பட்டியலில் அதற்கும் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. யாருமே இல்லாத சமையலறையில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசினால் அரை மணி என்று போட்டாள்.

முதல் நாள் வாலு நாற்காலி நுனியில் உட்கார்ந்து சாட்சி சொல்வதுபோல் சொன்னாள். பள்ளிக்கூடம் போனேன், கணக்கு இருந்தது, மழை வந்தது, வீட்டுக்கு வந்தேன். மேற்கொண்டு என்ன கேட்பதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். கல்லில் நார் உரிப்பதுபோல்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள், வேதியியல் வாத்தியார் தும்மிய தும்மலில் அவருடைய தொப்பியே கழன்று முன்பெஞ்சுக்காரியின் மடியில் விழுந்ததை வாலு எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகள் ஓடிவந்து தலையில் தட்டினாள். அந்தக் கை தலையில் பட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். மேசைக்குப் புதுவிரிப்பு வாங்கினாள். மகளிடம் சொல்வதற்கென்றே கடையில் கதை பொறுக்கினாள். கண் பார்க்கிற எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பலகையைத் திருப்பி வைத்த பிறகும் அதையே ஒப்பித்த டிரைவரின் கதை மேசையில் நன்றாக எடுபட்டது. மகளுக்கு ஒரே ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. அரை மணி ஆனதும், கதை எந்த இடத்தில் நின்றாலும் சரி, "மீதி நாளைக்கு" என்று எழுந்துவிடுவாள். அது ஏதோ குறும்பு, வால் திரும்ப முளைத்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பெற்ற மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

பரீட்சை முடிகிற சமயத்தில் கடையில் இதைப் பெருமையாகச் சொன்னாள். என் பெண் என்னிடம் எதையும் மறைப்பதில்லை, சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஓயாது என்றாள். தோழிக்கு நாக்கில் எலும்பு இல்லை.

"அது நீ குடுக்கிற அரை மணிக்குப் பேசுற பேச்சுடி. தானா கனியாததைத் தடி கொண்டு அடிச்சா கனியுமா?"

உனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டு அம்மா இருட்டறைக்குள் போய்விட்டாள். ஆனால் அந்தச் சொல் கூடவே வந்தது. அன்று சாயங்காலம் வாலு, சுற்றுலா போன இடத்தில் விளையாட்டு வாத்தியாரை மறந்துவிட்டுப் பஸ் கிளம்பிய கதையைச் சொன்னாள். அவர் கையில் செருப்போடு பஸ்ஸைத் துரத்தி வருகிற இடத்தில் அரை மணி முடிந்தது. மீதி நாளைக்கு என்றாள். அம்மா அப்போதே போனை எடுத்து, மகள் பார்க்கப் பார்க்க எல்லாப் பூட்டையும் எடுத்துவிட்டாள். பெரிய பெண் ஆகிவிட்டாய், இனிமேல் உன் இஷ்டம் என்றாள். வாலு அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தோழி மட்டும் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

மறுநாள் மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். வாலு வந்தாள், தன் தட்டை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும்மா, மேட்ச் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் மேட்ச் இருந்தது. அதற்குப் பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது. அம்மா விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

ஒரு நாள் காலித் தட்டை வாங்கலாம் என்று அறைப் பக்கம் போனாள். உள்ளே வாலு அந்த நாலு பேரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் வழியில் போன பால் வேனில் தொற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாராம். என்ன அழகாகச் சொன்னாள். சிரிக்க வேண்டிய கதைதான். அம்மா கதவருகே நின்று அழுதாள். தனக்கு வர வேண்டிய மீதி அது என்று சின்னக் குழந்தைபோல் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த விடுமுறையில், கண் பார்த்து நாளாயிற்று என்று மகளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். வாலு கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தாள். பவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா விளக்கைப் போடவில்லை.

"ஏறியிருக்கு," என்றாள்.

"அதெப்படிம்மா? எல்லாம் நல்லாத் தெரியுதே."

"தெரியற மாதிரிதான் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் ஒருவருக்கும் தப்பாகச் சொன்னதில்லை. வாலு நம்பிவிட்டாள். அம்மா சொன்னால் கண் விஷயத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வில்லை வெட்டும்போது, இது பழைய பவர்தானே என்று தோழி கேட்டாள். பழைய கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்று இவள் சமாளித்தாள். புதுச் சட்டத்தில் அதே பவரைப் போட்டு மகளுக்கு மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பூட்டையெல்லாம் திரும்பப் போட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கூப்பிடாமலே வாலு மேசைக்கு வந்தாள். அம்மா கடைக் கதைகளைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் எடுபடவில்லை. மகள் நடுநடுவே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அரை மணி ஆயிற்று. அவள் எழவில்லை. மறுநாளும் அப்படியே. நேரம் ஆச்சே, போய் விளையாடேன் என்று அம்மாவே சொல்ல வேண்டி வந்தது.

"வேணாம்மா. நான் டீம்ல இருந்து விலகிட்டேன். அவங்ககிட்ட சொல்லிட்டேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள். "என் கண்ணு போயிடுமாம்மா? நெட்ல படிச்சேன். வேகமா ஏறிக்கிட்டே போனா உள்ளாற கிழிஞ்சிடுமாமே."

கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. எதிரே மகள், கையெட்டும் தூரத்தில், எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரத் தயாராக. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அம்மா எச்சில் கையை விரிப்பிலேயே துடைத்தாள்.

"ஏறலை. நான் பொய் சொன்னேன். உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

வாலு கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். முதலில் அவளுக்கு வந்தது கோபமல்ல, அழுகை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டாள்.

"நீ சாப்பிட வரணும்னு."

"அதுக்கா?" மகள் நம்ப முடியாமல் பார்த்தாள். "வான்னு கூப்பிட வேண்டியதுதானேம்மா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அம்மா அதை வைத்துக்கொண்டு இந்த வருஷத்தை ஓட்டிவிடுவாள். மகள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"வந்திருக்க மாட்டேன்மா," என்றாள் மெதுவாக.

அம்மா தலையாட்டினாள். போனை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டாள். போ, உன்னைத் தேடுவாங்க என்றாள்.