மாலைக்கு முன் தாம்பாளம்

தையல் மெஷினுக்காக இரண்டு வருடம் சேர்த்த நானூற்று ஐம்பது வெள்ளியை நாடகத்துக்குக் கொடுக்கும் முன், அமராவதி சேதுவிடம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"போன வருசம் மண்டபம் நெறஞ்சி வழிஞ்சிச்சு. அப்புறம் எப்படிடா ஒன் மோட்டார் சைக்கிள விக்கிற மாதிரி ஆச்சு?"

சேது தலையைச் சொறிந்தான். ராசா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவன். நாடகம் எழுதுவதும் நடிப்பதும் அவன்தான்.

"மூணு தலைவருங்க ஆளுக்கு முந்நூறு தர்றேன்னாங்கக்கா. அத நம்பி மைக் செட்டு, ஜெனரேட்டர் எல்லாம் எடுத்தேன். மாலையப் போட்டுக்கிட்டு மேடையிலயும் அறிவிச்சாங்க. கைதட்டல்தான் மிச்சம்."

"போயிக் கேக்கலியா?"

"ஆறு தடவ போனேன். தலைவர் கோலாலம்பூர் போயிட்டாரும்பாங்க. செருப்பு வாசல்லயே கெடக்கும்."

அமராவதிக்கு ரவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மெஷின் வந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே தைக்கலாம் என்றிருந்தாள். ஆனால் சேதுவின் நாடகத்தைப் படித்துவிட்டாள். லயத்திலிருந்து தொழிற்சாலைப் பஸ் ஏறும் பெண்களின் கதை. யார் மேலும் பரிதாபப்படாமல் எழுதியிருந்தான். அது மேடை ஏறியே ஆக வேண்டும்.

"நானூத்தம்பது வெள்ளி டுயிட் நான் தர்றேன். ஆனா மாலை போடுறதும் நான்தான். தாம்பாளத்துல நோட்டு விழாம கழுத்துல மாலை விழாது."

"மானம் போயிரும்க்கா!"

"மோட்டார வித்தப்ப போகலியா?"

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தோட்ட மண்டபத்தில் நாடகம். டிக்கெட்டில் இருநூற்றுப் பதினான்கு வெள்ளி தேறியது. மீதி தலைவர்களிடமிருந்து வந்தால்தான் உண்டு.

முதலில் லோரி காண்ட்ராக்டர் உடையப்பன் மேடையேறினார். முந்நூறு வெள்ளி என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. குனிந்து கழுத்தை நீட்டினார். மாலை வரவில்லை. கண்ணெதிரே வெறும் தாம்பாளம்.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து வாங்கிக்கம்மா," என்றார் மெதுவாக.

 அமராவதி தாம்பாளத்தை இறக்கவில்லை.

"அப்ப மாலையயும் நாளைக்கு ஆபீசுக்கே வந்து போட்டுடுறேண்ணே."

மைக் அதையும் விட்டுவைக்கவில்லை. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. உடையப்பன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் துழாவி நோட்டுகளை வைத்தார்.

"தலைவர் நூத்தி முப்பது வெள்ளி, கையோட!" என்று அறிவித்து மாலையைப் போட்டாள்.

இரண்டாவது தலைவர், அவள் கேட்பதற்கு முன்பே நாற்பது வைத்தார். மூன்றாமவர் சிகரெட் பிடிக்கப் போனவர், திரும்பவே இல்லை.

நாடகம் முடிந்ததும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பஸ் காட்சியை இன்னொரு தரம் போடச் சொல்லி ஒருத்தி சத்தம் போட்டாள். போட்டார்கள்.

"அறுபத்தாறு வெள்ளி நட்டம்க்கா," என்றான் சேது, கணக்கை முடித்துவிட்டு. "உலு யாம் தோட்டத்துல வேற நாடகம் போடக் கூப்புடுறாங்க. வேணாம்னு சொல்லிடவா?"

நாற்காலியில் கிடந்த மூன்றாவது மாலையை அமராவதி பார்த்தாள்.

"இது என்ன வெல?"

"ஒண்ணு பன்னெண்டு."

"அங்க மாலையே வேணாம்லா. முப்பத்தாறு மிச்சம். தாம்பாளம் மட்டும் போதும்."

"ஒங்க மெஷினு?"

"கடையிலதான இருக்கு, எங்க ஓடிறப் போவுது?"

வந்த பணத்திலிருந்து நூறு வெள்ளியை எடுத்து, உலு யாமுக்கு லோரி பிடிக்கச் சொல்லி அவன் கையில் வைத்தாள்.