மஞ்சள் தகடு

லாரி ஓட்டிக்கொண்டு பம்பாய் போய் வரும்போதெல்லாம் செபஸ்தியான் எதையாவது சுமந்துகொண்டு வருவான். அது எதற்கு என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். இந்த முறை வந்தது, மஞ்சள் நிறத்தில் அலை அலையாக நெளிந்த ஒரு பிளாஸ்டிக் தகடு. சமையலறைக் கூரையில் ஓடுகளைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினான். அறுபத்தாறாம் வருடத்துச் சங்ககிரியில் அப்படியொரு கூரையை யாரும் கண்டதில்லை.

“இனிமேப் பட்டப்பகல்ல வெளக்கு வெக்க வேண்டாம்” என்று மனைவி செல்வமேரியிடம் சொன்னவன், அலுப்பாக இருக்கிறது என்று இருட்டு முன்னறையில் போய்ப் படுத்தான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஓட்டல் சோறு தின்ற நாக்குக்கு வீட்டுச் சோறு கசக்கிறதாக்கும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் ஐப்பசி மழை மூட்டம். மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. கைக்குழந்தை ஜெபமலரைக் குளிப்பாட்டச் சமையலறைக்குத் தூக்கிவந்த செல்வமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையின் பாதம் மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். இமையை விலக்கிப் பார்த்தாள், கண்ணும் மஞ்சள். போன வருடம்தான் அவள் அக்காளின் பிள்ளையைக் காமாலை கொண்டுபோயிருந்தது. “மாதாவே!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தாயி ஓடிவந்தாள்.

“அழுவாத சாமி. சோத்தப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுபோவுது” என்றாள் அத்தாயி. பிள்ளையின் மூத்திரத்தில் வெள்ளைச் சோற்றை ஊறவைத்து அலச வேண்டும், மஞ்சள் போகாமல் நின்றால் காமாலை. அதுதான் அவளுக்குத் தெரிந்த சோதனை. தன் வீட்டுச் சோற்றையே கொண்டுவந்தாள். பிள்ளையும் சிரமம் கொடுக்காமல் கிண்ணத்தை நனைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சோற்றை அலசித் தட்டில் வைத்தார்கள். மஞ்சள். மறுபடி அலசினார்கள். அப்போதும் மஞ்சள். நிமிர்ந்த செல்வமேரி திடுக்கிட்டாள்.

“அக்கா, உங்க கண்ணும் மஞ்சளா இருக்குதுங்க!”

அத்தாயி அவளை உற்றுப் பார்த்தாள். “உன்ற கண்ணு மட்டும் என்ன வாழுதாம்?”

ஊரே ஒரே நாளில் காமாலையில் விழுந்துவிட்டதா? ஒன்றும் புரியாமல் அத்தாயி தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் சோறு மல்லிகைப்பூவாட்டம் வெள்ளை. உள்ளே கொண்டுவந்தால் மஞ்சள். திரும்ப வெளியே போனால் வெள்ளை.

“இதென்ன பேய்ச் சோறா இருக்குது!”

செல்வமேரி பிள்ளையை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஜெபமலரின் கண் பளிச்சென்று வெளுத்திருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கூரை நினைவுக்கு வந்தது. போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்க, பிள்ளையை முத்தமிட்டுத் தீர்த்தாள்.

“ஏனுங்க! எந்திரிச்சு வாங்க! நீங்க கொண்டாந்த தகடு பண்ணுன கூத்தப் பாருங்க!”

செபஸ்தியான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் சிரிப்பு வந்தது. “நாந்தாஞ் சொன்னனே, வெளிச்சம் சோக்கா இருக்கும்னு” என்றபடி வாசலில் இறங்கினான். வெயில் முழுதாக அவன் முகத்தில் விழுந்தது.

செல்வமேரியின் சிரிப்பு நின்றது. அவன் கண்ணைப் பார்த்தாள். தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தலைக்கு மேல் தகடு ஏதும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது.

“அக்கா,” என்றாள், “இன்னுங் கொஞ்சம் சோறு இருக்குதுங்களா?”