ஏழாம் எண் பதிவு

1.

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஷாயிஸ்தா, மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவள், ஒரு காலை என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, நிகில் இன்னும் பைக்லதான் வேலைக்குப் போறானா?"

அவ்வளவுதான். கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த தலையணை உறையைப் பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்த உறை.

வாசகரே, நான் இருபத்தைந்து வருஷமாகக் கதை எழுதுகிறவள். இப்படி ஒரு தொடக்கம் சும்மா கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும். என்னால் முடியவில்லை.

2.

முதல் தொடக்கம்: "சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தினமும் நடை போகும் கஸ்தூரிரங்கனுக்கு வயது அறுபத்தெட்டு. அவருடைய மூளையில்—"

நிறுத்திவிட்டேன். கஸ்தூரிரங்கன் என்று யாரும் இல்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர் தலையில் கோளாறு என்றால் எழுதத் தெம்பிருக்கும் என்று என் பேனா அவரைப் பிடித்து வந்திருக்கிறது. நிஜத்தில் நிகிலுக்கு இருபத்தேழு. என் மகன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் மெஷின் செட்டர். வீட்டில் நானும் அவனும்தான்.

இரண்டாவது தொடக்கம்: "மனித மூளை என்பது—" இதை நானே படிக்கமாட்டேன்.

3.

ஷாயிஸ்தாவின் வேலையை அவள் சொன்னபடி சொல்கிறேன். தப்பிருந்தால் என் தப்பு.

அவள் கணிதக்காரி. முன்பு துகள் இயற்பியல் ஆய்வில் இருந்தாள். துகள்கள் மோதிச் சிதறும்போது கருவியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் பதியுமாம். அவற்றில் எந்தெந்தப் புள்ளிகள் ஒரே துகள் போன தடம் என்று பிரித்தெடுக்க ஒரு கணக்கு எழுதினாள். "கோலம் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"கோலத்துல புள்ளி எல்லாம் நீங்க வெச்சது ஆன்ட்டி. இங்க பாதிப் புள்ளி பொய்."

இப்போது அதே கணக்கை மூளை அலைகள் மேல் போடுகிறாள். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் ஈ.ஈ.ஜி. பதிவில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னத் துடிப்புகளைக் கோத்து, 'இவருக்கு வலிப்பு வரக்கூடும்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோயாளிகளோடு ஒப்பிட, ஒரு குறையும் இல்லாத பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நானும் நிகிலும் போனோம். தாம்பரம் பக்கத்தில்தான் அவர்கள் ஆய்வகம். காபி நன்றாக இருந்தது.

இயற்பியலிலிருந்து அவள் இரண்டு பழக்கங்களையும் கொண்டு வந்திருந்தாள். ஒன்று, பெயர்களை மூடி வைப்பது. பதிவுகளுக்கு எண் மட்டும்தான். கணக்கை இறுதி செய்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைத் திறப்பார்கள். முன்பே தெரிந்தால், ஆசைப்பட்ட விடை வரும்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்போமாம். (கதை எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பே அதுதான். அவளிடம் சொல்லவில்லை.)

இரண்டாவது, உப்புப் போடுவது. கூட வேலை செய்யும் பிரிட்டோ, நல்ல பதிவுகள் சிலவற்றில் போலியான வலிப்புத் தடத்தை ரகசியமாகக் கலந்து வைப்பார். கணக்கு அதைப் பிடிக்கிறதா என்று சோதிக்க. எதில் கலந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

4.

ஏழாம் எண் பதிவில் தடம் கிடைத்தது.

எண்ணுக்குப் பின்னால் யார் என்று ஷாயிஸ்தாவுக்குத் தெரியக்கூடாது. ஆனால் அந்தப் பதிவின் நடுவில் ஒரு ஒட்டு இருந்தது. பன்னிரண்டு பதிவுகளில் எடுக்கும்போதே பாதியில் நின்றவை இரண்டுதான். ஒன்று என்னுடையது, தலை அரிக்கிறதென்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மற்றது நிகிலுடையது, யூனிட்டிலிருந்து ஃபோன் வந்ததென்று எழுந்துவிட்டான். இரண்டையும் ஒட்டிச் சேர்த்தவள் ஷாயிஸ்தா. பெயரை மறைத்தவர்களுக்கு அந்த ஒட்டை மறைக்கத் தோன்றவில்லை.

இதையெல்லாம் தலையணை உறையோடு நின்றவளை உட்காரவைத்து நான் பிடுங்கினேன்.

"அப்போ நானா, அவனா?"

"தெரியாது ஆன்ட்டி. பிரிட்டோ போட்ட உப்பா இருக்கலாம். என் கணக்கே தப்பா இருக்கலாம். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

"பட்டியலை எப்பத் திறப்பீங்க?"

"இருபத்தெட்டு."

அன்று தேதி ஆறு.

பிரிட்டோவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஏழுல உப்பு போட்டிருந்தாலும் இதையேதான் சொல்வேன், போடலைன்னாலும் இதையேதான் சொல்வேன். என்னால சொல்ல முடியாது. ஒரு நம்பரைச் சொன்னாக்கூட மூணு வருஷ வேலை வீண். ஆனா சந்தேகம் இருந்தா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க."

நல்ல மனிதர். அன்று அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

5.

பயமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நிகில் ஏழரைக்கு வண்டியை எடுத்து பைபாஸில் ஏறும்போது நான்—

நிகில் ஏழரைக்கு—

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எட்டேகாலுக்கு 'ரீச்' என்று மெசேஜ் போடச் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். பன்னிரண்டாம் தேதி எட்டரை ஆகியும் வரவில்லை. எட்டே முக்காலுக்கு யூனிட்டைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செருப்புப் போடாமல் தெருமுனை வரை போய்விட்டேன். போய் என்ன செய்வதாக இருந்தேன் என்று தெரியவில்லை. ஒன்பது பத்துக்கு வந்தது: 'பஞ்சர் மா. சில்.'

வாசகரே, இந்தக் கதைக்கு நான் வைத்திருந்த முடிவுகள் இவை.

அ) ஏழில் இருந்தது உப்பு. எல்லோரும் சிரிக்கிறோம். ஷாயிஸ்தா பிரியாணி கொடுத்தனுப்புகிறாள்.

ஆ) ஏழு நான்தான். மாத்திரை சாப்பிடுகிறேன். ஆட்டோவில் போகிறேன். நான் லேத்தில் நிற்பதில்லை, பைபாஸில் போவதில்லை. இதுதான் எனக்குப் பிடித்த முடிவு.*

* பிடித்தது மட்டுமில்லை, அதற்காகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் ஒரு நரம்பு டாக்டரிடம் போய்ப் புதிதாக ஒரு ஈ.ஈ.ஜி. எடுத்தேன். பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா, சந்தோஷமா போங்க" என்றார். ஒரு தடவை நார்மல் என்பதால் ஒன்றும் முடிந்துபோய்விடாது என்றும் சொன்னார். அதை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். டிரைவர் ரிசல்ட் மோசம்போல என்று நினைத்து, "தைரியமா இரு அக்கா, இப்ப எல்லாத்துக்கும் மருந்து கீது" என்றார்.

6.

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் ஒன்று உண்டு. அது அம்மா. அவள் எதையோ மறைக்கிறாள். ஐந்து பகுதி எழுதியும் சொல்லவில்லை.

நிகிலுக்கு ஒன்பது வயது. குன்றத்தூர் மலைக்கோயில் படியில் ஏறிக்கொண்டிருந்தான். திடீரென்று நின்றான். கண் எங்கோ போனது. இடது கை தானாக வெட்டியது. சரிந்து விழுந்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது. கண் விழித்து, "என்னாச்சும்மா?" என்றான்.

"வெயில்டா" என்றேன்.

மேகமூட்டமான நாள் அது. யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. அந்தப் பெயரை ஒட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவிடுவார்கள், பிறகு வேலை, பிறகு கல்யாணம் என்று அந்தப் படியிலேயே அவன் ஆயுசு முழுக்க யோசித்து முடித்துவிட்டேன். திரும்ப வரவேயில்லை. அதனால் நான் செய்தது சரி என்று நம்பினேன்.

ஆய்வகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'எப்போதாவது வலிப்பு, மயக்கம் வந்ததுண்டா?' நிகில் என்னைப் பார்த்து, "அப்படி ஒண்ணும் இல்லல்லமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் 'இல்லை'யில் டிக் அடித்தான். குறையில்லாத பன்னிரண்டு பேரில் அவன் சேர்ந்தது அப்படித்தான். ஷாயிஸ்தாவின் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அவள் சொல்லலாம், பிரிட்டோ சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

7.

இ) மூன்றாவது முடிவை நான் எழுதமாட்டேன்.

மூன்று தடவை உன்னிடம் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் 'இன்னொரு தோசை வேணுமா' என்று கேட்டேன்.

உன்னிடம் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் ஏற்றுகிறவன் நீதான். உனக்கு முன்னால் என் கதையை யாரும் படித்ததில்லை. வாசகரே, வாசகரே என்று கூப்பிட்டதெல்லாம் உன்னைத்தான், நிகில். நேரில் சொல்லத் துப்பில்லாமல் இத்தனை பக்கம் எழுதினேன்.

நாளை, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்த நரம்பு டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். போவதா, யூனிட்டில் சொல்வதா, என்னோடு பேசுவதா என்பதையெல்லாம் நான் தீர்மானிக்கப் போவதில்லை. பதினெட்டு வருஷம் உன்னைக் கேட்காமல் உன் கதையை நானே எழுதியது போதும்.

மீதியைத் தட்டச்சு செய்ய வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு எழுந்து வா. அடுப்படியில்தான் நிற்கிறேன். திட்டுவதானால் இங்கே வந்து திட்டு.