நைனா பாய் நோட்டில் ஒரு வரி

சென்னை ஆபீஸிலிருந்து வரும் மெயில்களில் பாதி என்னைக் குறை சொல்வதற்கென்றே வரும். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் அந்த ரகம்தான். "எண் 0417. ஆண், வயது 63. மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு. சரிபார்க்கவும்." கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு அறுபது நோட்டு ஏற்றுகிறவளுக்கு ஒரு தப்பு வராதா? பொம்மை அனுப்புகிறவர்கள் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி அறையில், ஃபேன் கரகரவென்று சுற்ற, டாக்டர்களின் கையெழுத்தோடு ஒரே ஒரு நாள் மல்லுக்கட்டிப் பார்க்கட்டும். மனசுக்குள் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அந்த நோட்டின் போட்டோவைத் திறந்தேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மாரிக்கனி. புற்றுநோய் வந்தவர்கள் பக்கத்துத் தெரு டாக்டரிடம் முதன்முதலில் எப்போது சொன்னார்கள், நோய் இன்னதென்று எப்போது தெரிந்தது, நடுவில் எத்தனை நாள் போனது என்று பார்க்கிற ஆய்வு இது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒன்பது சின்ன கிளினிக்குகளுக்கு வந்துபோகும் பன்னிரண்டாயிரம் பேரை ஐந்து வருடம் பின்தொடர்கிறோம். நோயாளியிடம் கையெழுத்து வாங்கி, அவர் கொண்டுவரும் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, ஆளுக்கு ஒரு எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். டாக்டர்களின் சுருக்கெழுத்துக்கு எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்து எண்ணைத் தட்டிக்கொண்டே போவேன். பொருளை யோசித்துக்கொண்டிருந்தால் அறுபது நோட்டு ஏறாது.

0417 என்பது நைனா முகமது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் லுங்கிக் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் கௌதம்ராஜிடம் மாதம் தவறாமல் காட்டுகிறவர். எல்லாப் பக்கத்திலும் சர்க்கரை அளவு, பிரஷர், அதே மாத்திரை. போன ஜூலை மாதப் பக்கத்தில் மட்டும் அதற்குக் கீழே அந்த வரி இருந்தது. இரண்டு வாரமாக ரத்தப்போக்கு, புற்றுநோயா என்று பார்க்க மதுரை ஆஸ்பத்திரிக்குக் கடிதம். ஆகஸ்ட் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு வரி: "மதுரை போய் வந்தாச்சு. ஒன்றுமில்லை."

ஆக, நான் தப்பாக ஏற்றவில்லை. நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது. முதலில் சென்னைக்காரர்களை ஜெயித்துவிட்ட சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் அந்த வரியின் பொருளைப் பார்த்தேன். நைனா பாய்க்கு ஏது மாதவிடாய்? அப்படியானால் இது யார்?

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் போனேன்.

கௌதம்ராஜ் டாக்டர் காலையில் மட்டும் எண்பது டோக்கன் பார்க்கிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவரை மறித்து போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பாயோட சம்சாரம். ரஹ்மத் பீவி" என்றார். "அவருக்குப் பாத்து முடிச்சேன். அவரு மருந்து வாங்க வெளிய போயிட்டாரு. அந்தம்மா கதவுகிட்ட போய்த் திரும்பி, 'அப்படியே எனக்கும் ஒரு விசயம்'னு சொன்னாங்க."

அப்படியே எனக்கும். எங்கள் பக்கத்தில் பெண்கள் டாக்டரிடம் பேசுகிற முறையே இதுதான். தனக்கென்று நோட்டு எடுத்து, டோக்கன் போட்டு உட்கார்ந்தால் ஏதோ பெரிய வியாதிக்காரி என்று ஆகிவிடும். புருசனையோ பிள்ளையையோ காட்ட வந்து, எல்லாம் முடிந்து எழுந்து, கதவில் கை வைத்த பிறகுதான் வாய் திறக்கும். டாக்டரும் கையில் விரிந்திருக்கிற நோட்டிலேயே எழுதிவிடுவார். அடுத்தவளை ஏன் சொல்ல வேண்டும்? எனக்குப் போன வருடம் வந்த தலைசுற்றல் என் மகனுடைய சளி நோட்டில்தான் இருக்கிறது.

"ஆகஸ்ட்ல பாய்ட்ட கேட்டேன், மதுரை போனீங்களான்னு. போயிட்டு வந்தாச்சு சார், ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னாரு. நானும் எழுதிட்டேன்."

"ரிப்போர்ட் பாத்தீங்களா சார்?"

டாக்டர் தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தார். "கேக்கலயே மாரிக்கனி. அடுத்த டோக்கன் உள்ள வந்துருச்சு."

அந்த வயதில் ரத்தம் படுவது பல பேருக்குச் சாதாரணமாகவே முடிந்துவிடும் என்றார். ஆனால் சிலருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருக்கும். சீக்கிரம் பார்த்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றிவிடலாம். பரவிவிட்டால் கதை வேறு.

"எட்டு மாசம் ஆச்சு" என்றார். "நோட்டுல இருக்கது பாயோட நம்பர். போன்ல இத எப்படிக் கேக்க? கிளினிக்ல இருந்து வாரேன்னு சொல்லி நீங்க நேர்ல போங்க. அவரு ஜும்மாவுக்குப் போயிருப்பாரு, அந்தம்மாட்ட தனியா பேசிரலாம். ரிப்போர்ட் இருந்தா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. இல்லைன்னா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தொழுகை முடிந்து பாய் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போனபோது தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று கையால் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ரஹ்மத் பீவி அடுப்படி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, மூக்குக் கண்ணாடியோடு பாயுடைய போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான, வெளுத்த முகம்.

"ஏங்க, மொளக இப்ப போடக் கூடாது. கடைசிலதான் தாளிக்கணும்னு எத்தனை வாட்டி சொல்ல?"

"நீ மொதல்ல கரண்ட் பில்ல கட்டு. நேத்துச் சொல்லிக் கொடுத்தது அதுக்குள்ள மறந்துட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் வருவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு இந்த வயதில் என்ன ஒரு கொஞ்சல் என்று நினைத்தேன். கிளினிக்கிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான், பாயின் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "செத்த வெளிய வாங்க தாயி" என்றார்.

வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குரலை இறக்கினார். "டாக்டர் அனுப்பிச்சாரா?"

"ஆமா பாய். மதுரை ரிப்போர்ட் ஒரு காப்பி..."

"மெதுவா பேசுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சட்டைப் பையிலிருந்து சர்க்கரை நோட்டை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை உருவினார். மடிப்பெல்லாம் நைந்துபோய்க் கிழியப் பார்த்தது.

"நான் மதுரைக்குப் போகல தாயி. டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டேன். இங்கிலீசுல எம் பேரையும் அந்த வியாதி பேரையும் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன். வேற யார்ட்டயும் காட்டவும் மனசு வரல. என்னப் பெத்த அத்தாவும் அதுலதான் மவுத்தானாக. வயித்தக் கிழிச்சு நாலு மாசம் படுக்கையில கெடந்தாக. அந்தக் கோலத்துல என்னைய இவ பாக்கக் கூடாது. இருக்க வரைக்கும் பில்லு கட்ட, சிலிண்டர் மாத்த இவளுக்குப் பழக்கி விட்டுருவோம்னு பாக்கேன். எனக்குப் பொறவு எதுக்கும் அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கக் கூடாது பாருங்க."

தாளை வாங்கிப் பிரித்தேன். மேலே நர்ஸ் வெள்ளத்தாயின் முத்து முத்தான கையெழுத்து. நோட்டு அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள்: நைனா முகமது, 62, ஆண். அதற்குக் கீழே டாக்டரின் கோழிக்கிறுக்கலில் நாலே வரி. மாதவிடாய், கர்ப்பப்பை, கேன்சரா என்று ஒரு கேள்விக்குறி. வெள்ளத்தாய் கடிதத்தை நோட்டோடு சேர்த்து, நோட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கிறாள். எட்டு மாதம் அவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"பாய்" என்றேன். "இது உங்களுக்கு எழுதுனது இல்ல."

"என்னது?"

"உங்க பேரத் தப்பா எழுதிட்டாங்க. உங்களுக்கு அந்த வியாதி கெடையாது."

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் புரியவில்லை. பிறகு கண் விரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி இரண்டு கையாலும் முகத்தை வழித்தார். தாடியில் வந்து கை நின்றது.

"அப்ப யாருக்கு?"

அதற்குள் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஏங்க, ஓடிபி வந்துருக்கு. இத எங்க போட?"

பாய் உள்ளே திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவரே உள்ளே போய், நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கடிதத்தை மனைவியின் மடியில் வைத்தார். ரஹ்மத் பீவி கடிதத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அழுவார், திகைப்பார் என்று நினைத்தேன். அவரோ போனை மெதுவாக அணைத்து ஓரமாக வைத்தார்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "அன்னைக்கு அந்த நர்சு லட்டரக் கொடுத்ததையும் பாத்தேன், அவிய பையில வச்சதையும் பாத்தேன். வீட்டுக்கு வந்து சோறு திங்காம செவுத்தப் பாத்துப் படுத்துட்டாக. எனக்கு உள்ளத அவிய படிச்சிட்டாக, சொல்ல மனசு வரலன்னு நெனச்சேன். ஒரு நாள் கூட்டிட்டுப் போவாகன்னு பாத்தேன். போகல. போயும் பிரயோசனம் இல்லன்னு டாக்டர் சொல்லிருப்பாரு போலன்னு விட்டுட்டேன். பொறவு என்னைய அம்புட்டுத் தாங்குனாக. அதுல இன்னும் உறுதியாப் போச்சு." அடுப்படிப் பக்கம் பார்த்தார். "சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுசன். அதான் ஒரு ரசமாவது பழகிக்கிடட்டும்னு..."

"இப்பவும் படுதாம்மா?" என்று கேட்டேன்.

"மாசத்துல மூணு நாலு நாளு."

நான் அழுதுவிட்டேன். வேலைக்கு வந்த இடத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதேன். கோபமும் வந்தது. இவர்கள் இரண்டு பேர் மேல், டாக்டர் மேல், வெள்ளத்தாய் மேல், பொருளைப் பார்க்காமல் தட்டிய என் விரல் மேல். ஒரே வீட்டுக்குள் ஒருத்தரை ஒருத்தர் தனியாக வாழப் பழக்கிக்கொண்டு எட்டு மாதம் இருந்திருக்கிறார்கள்.

பாய் எழுந்து அடுப்பை அணைத்தார். "பர்தாவ எடு. போவோம்."

"ரசம்?"

"கெடக்கட்டும் ரசம்."

கர்ப்பப்பையில் புற்றுநோய்தான். மதுரையில் சோதனை முடிய பத்து நாள் ஆனது. ஏப்ரல் நடுவில் ஆபரேஷன். எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்து, பரவியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல மூன்று வாரம் என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன், இந்தத் தடவை பொருள் பார்த்து. புருசன் பெயரில், மாமனார் பெயரில், பிள்ளை பெயரில் இருபத்து மூன்று பெண்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவனுடைய காய்ச்சல் நோட்டில் மார்புக் கட்டி இருந்தது. ஒவ்வொரு பெயரையும் அந்தந்த டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து மெயில் வந்தது. இத்தனை நாளும் பெண்கள் தாமதமாகத்தான் டாக்டரிடம் சொல்கிறார்கள் என்று கணக்கு வந்துகொண்டிருந்ததாம். அதையெல்லாம் திரும்பப் போட வேண்டுமாம். இந்தத் தடவை பொம்மை இல்லை.

ரஹ்மத் பீவிக்குத் தனியாக ஒரு எண் கொடுத்தேன். முதன்முதலில் சொன்ன தேதி என்ற கட்டத்தில் ஜூலை பதினெட்டு என்று போட்டேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஆறு விடைகள் இருந்தன. நோயாளி, மருத்துவர், தூரம், பணம் என்று என்னென்னவோ. ஒன்றும் பொருந்தவில்லை. காலியாக விட்டுவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மதுரையில் கொடுத்த ரிப்போர்ட்டை உறை பிரிக்காமல் கௌதம்ராஜ் டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ரஹ்மத் பீவியின் மடியில் ஒரு புது நோட்டு. அட்டையில் அவர் பெயர், பாயின் கோணல் கையெழுத்தில். டாக்டர் உறையைக் கிழித்து இரண்டு பக்கத்தையும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை படித்தார். பாயின் கை சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கர்ப்பப்பையோட நின்னுருக்கு" என்றார் டாக்டர். "வெளிய எங்கயும் பரவல. எடுத்தாச்சு. இனிமே செக்கப்புக்கு வந்தாப் போதும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு மாசத்துல என்னமும் ஆகியிருக்கலாம்மா. நான் அன்னைக்கு ரிப்போர்ட்டக் கேட்டிருக்கணும்."

ரஹ்மத் பீவி தலையை ஆட்டினார், அதெல்லாம் இருக்கட்டும் என்பது மாதிரி. பாய் இரண்டு கையாலும் முகத்தை வழித்தார். இந்தத் தடவை கை பாதியில் நிற்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப இனிமே ரசத்த நீயே வச்சிரு ரஹ்மத்து" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ரஹ்மத் பீவி தன் நோட்டால் பாயின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சிலிண்டர நீங்களே மாத்துங்க."